கதவைச் சாத்தி உருக்கிய ஈயம்

என் மூத்த மகளைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "அது சுனாமிக்குள்ள அகப்பட்ட புள்ள. அண்டைக்குப் பயந்தது, மறுகா தேறவேயில்ல." பல வருடங்களாக இந்தப் பதில் ஊரில் உலவுகிறது. ஒரு காலத்தில் மறுத்துப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். உண்மையில், அன்று கடல் அவளைத் தொடவேயில்லை.

பெரியகல்லாற்றில் எங்கள் வீடு இருந்த இடத்தில், ஒரு பக்கம் கடலிரைச்சல் கேட்கும், மறுபக்கம் வாவி தெரியும். அன்று காலை சனங்கள் கத்திக்கொண்டு ஓடியபோது என் கணவர் இரண்டரை வயது மகளைத் தூக்கித் தோளில் இருத்திக்கொண்டு வாவிப் பக்கம் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். தண்ணீர் என் நெஞ்சுவரை வந்தது. அவருடைய இடுப்புவரை வந்தபோது ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மகள் அவருடைய தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அப்பா, கடல் ஏன் இஞ்ச வருது?" என்று கேட்டாள். தண்ணீர் வடிந்தபிறகு பார்த்தேன். அவளுடைய சட்டையின் விளிம்புகூட நனைந்திருக்கவில்லை.

வீடு போனது. தோணியும் வலைகளும் போயின. நான் படிப்பித்த பாலர் பாடசாலையில் அத்திவாரம் மட்டும் மிச்சம். என்னிடம் நிறம் சொல்லவும் கை கழுவவும் பழகிய பிள்ளைகள் பலர் அன்றோடு இல்லை. எங்களுக்குப் பிள்ளை இருந்தாள். முகாமில் மற்றத் தாய்மார் அவளைப் பார்க்கும்போது நான் அவளைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொள்வேன். மூன்று வயதில் அவள் நூறுவரை எண்ணினாள். பாட்டுகளைப் பிழையில்லாமல் பாடினாள். பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்த்து எழுதிவைப்பது என் வேலையாக இருந்தது. ஆகவே இதைத் தாயின் பெருமையாகச் சொல்லவில்லை. அவள் கெட்டிக்காரி.

அடுத்த வருடம் தகரக் கொட்டிலுக்கு மாறினோம். ஒரு நிறுவனம் வந்து மீன்பிடிக் குடும்பங்களுக்கு வலை கொடுத்தது. வரிசையில் நின்று வாங்கினோம். கணவர் வலையைக் கையில் ஏந்தி நிற்க, அவர்கள் படம் பிடித்தார்கள். கொட்டிலுக்கு வந்து விரித்துப் பார்த்தால் வீச்சுவலை நல்ல வலைதான், ஆனால் அடிக்கயிற்றில் ஈயக்குண்டு ஒன்றுகூட இல்லை. குண்டு இல்லாத வலை தண்ணீரில் தாழாது. எறிந்தால் சேலை மாதிரி மேலே மிதக்கும்.

"வலை தந்தவங்கள் வீச்சுவலையக் கண்டிருக்கவே மாட்டாங்கள்," என்று சிரித்தார் அவர். அப்போதெல்லாம் அவர் சிரிப்பார்.

ஈயத்துக்கு வழி சொன்னது நான்தான். அலை அடித்து நொறுக்கிய வாகனங்கள் றோட்டோரம் எங்கும் கிடந்தன. அவற்றில் பற்றரிகள் இருந்தன. மின்சாரம் இல்லாத காலத்தில் வானொலிக்கும் விளக்குக்கும் பாவித்துத் தேய்ந்துபோன பற்றரிகளும் வீடுகளில் கிடந்தன. பற்றரிக்குள் இருப்பது ஈயத் தகடு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். "அந்த வேனுக்குள்ள ஒண்டு கிடக்கு, எடுத்துத் தரட்டா?" என்று கேட்டேன். நானே போய், உரப்பையைத் தலையில் சுற்றி, அதன்மேல் வைத்துச் சுமந்து வந்தேன்.

அவர் கோடரியால் பற்றரியைப் பிளந்து தகடுகளை எடுத்தார். தகட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு களி அப்பியிருந்தது. அதைத் தட்டி உதிர்த்துவிட்டு, பழைய தாச்சி ஒன்றில் தகட்டைப் போட்டு அடுப்பில் ஏற்றினார். ஈயம் இளகி வெள்ளிபோல் மினுங்கியது. ஒரு செங்கல்லில் வரிசையாகக் குழி கொத்தி, கரண்டியால் அள்ளி ஊற்றினார். ஆறியதும் கவிழ்த்தால் பொலபொலவென்று குண்டுகள் விழுந்தன. மகள் கைதட்டினாள். முதல்முறை விழுந்ததில் ஐந்தைப் பொறுக்கி, மேலே எறிந்து பிடிக்கிற கொக்கான் விளையாட அவளுக்குக் கொடுத்தேன். கல்லைவிடக் கனம், கைக்கு அடக்கம். அவள் அவற்றைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டே திரிந்தாள். நித்திரைக்குப் போகும்போது கன்னத்துக்குள் ஒன்றை ஒதுக்கி வைத்திருப்பாள். நான் விரலைவிட்டு எடுப்பேன், விழுங்கிவிடுவாளோ என்ற பயத்தில். வேறு பயம் எதுவும் எனக்கு இருக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் அவள் தப்பியிருப்பாளோ என்னவோ. ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை திரும்பத் தொடங்கியது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரையிலிருந்து ஷெல் சத்தம் கேட்கும். வாவியில் இறங்கத் தடை வரும், எடுபடும், திரும்ப வரும். சில கிழமைகளில் விடியவும் பொழுதுபடவும் தோணி தள்ளக்கூடாது என்பார்கள். மீன்படுகிற நேரமே அதுதான். கணவர் வலையை மடித்து முகட்டில் சொருகிவிட்டு, மற்றவர்களுக்கு ஈயக்குண்டு வார்த்துக் கொடுக்கத் தொடங்கினார். களுவாஞ்சிகுடியிலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். முந்தி எப்போதாவது எரிந்த அடுப்பு இப்போது தினமும் எரிந்தது.

ஒரு நாள் சோதனைக்கு வந்த ஆமிக்காரன் முற்றத்தில் அடுப்பையும் தாச்சியையும் கண்டுவிட்டான். துவக்கின் நுனியால் குண்டுகளைக் கிளறி, "மொக்கத மே?" என்று கேட்டான். சிங்களத்தில், இது என்ன என்கிறான். கணவர் வலையைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். அவன் வலையைப் பார்த்தான், குண்டைப் பார்த்தான், எங்கள் முகத்தைப் பார்த்தான். பிறகு போய்விட்டான்.

அவன் போனபின் கணவர் வலையைத் திரும்ப முகட்டில் சொருகினார். "துவக்குக்குச் சன்னம் வாக்கிறம் எண்டு நினைச்சிருந்தா இப்ப என்னை வண்டியில ஏத்தியிருப்பான்," என்றார்.

"அப்ப உள்ளுக்க வச்சு உருக்குங்க," என்றேன்.

அதைச் சொன்னதும் நான்தான். அடுத்த நாள் அடுப்பு கொட்டிலுக்குள் வந்தது. சோறு காய்ச்சுகிற அதே அடுப்பு. புகை வெளியே தெரியாமலிருக்கக் கதவைச் சாத்தினோம். தகரத்தின் இடுக்குகளில் பழந்துணி அடைத்தேன். மகளை வெளியே விடவும் பயம், ஷெல் எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே அவளும் உள்ளேதான் இருந்தாள். பாயில் இருந்து கொக்கான் விளையாடுவாள். தகட்டைத் தட்டுகிற தூள் பாயெல்லாம் படியும். நான் தும்புத்தடியால் கூட்டித் தள்ளுவேன், அது எழும்பித் திரும்பவும் படியும். அதன் நடுவில்தான் அவளுக்குச் சோறு குழைத்து ஊட்டினேன்.

இப்படி இரண்டு வருடத்துக்கும் மேலாக.

முதலில் வயிற்றுவலி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். மூன்று நான்கு நாளைக்கு வெளிக்குப் போகமாட்டாள். பூச்சி மருந்து கொடுத்தோம். பிறகு முகம் வெளிறியது. இரத்தம் காணாது என்றார்கள், குளிசை கொடுத்தார்கள். பிறகு கோபம். காரணமில்லாமல் கத்துவாள், கடிப்பாள். கோயிலில் நூல் கட்டினோம். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்கள் போகத் தொடங்கின. நூறுவரை எண்ணியவள் முப்பதில் தடுமாறினாள். பிறகு பதினைந்தில். நான் பக்கத்தில் இருந்து, "அடுத்தது என்ன மகள்? அடுத்தது?" என்று கேட்பேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். படித்ததை மறக்கிற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். தெரிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிற பிள்ளையை அப்போதுதான் கண்டேன். அடித்துமிருக்கிறேன். தென்னை ஈர்க்கால், காலில். அதையும் எழுதத்தான் வேண்டும்.

சுனாமியில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மனத்துயர் ஆற்றவென்று இரண்டு பெண்கள் வந்துபோவார்கள். மகளின் கையில் வண்ணக் குச்சிகளைக் கொடுத்து, விரும்பியதை வரையச் சொன்னார்கள். அவள் கறுப்பை எடுத்துப் பெரிய வட்டமொன்றைக் கீறி, அதன்மேல் சுருள் சுருளாகக் கிறுக்கினாள்.

"இது பெரிய அலை, என்ன செல்லம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தாச்சி," என்றாள் மகள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துப் பரிவோடு தலையசைத்தாள். அவள் தன் கொப்பியில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'கடல் பயம்' என்று எழுதியிருந்தாள். நான் அவளைத் திருத்தவில்லை. எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. கடலில் பழியைப் போட்டால் கடல் திருப்பிக் கேட்காது.

கல்வீடு கிடைத்து அதற்குள் குடிபோனோம். கிழக்கில் சண்டை ஓய்ந்து, வடக்கில் நடந்துகொண்டிருந்தது. வாவியில் இறங்க விட்டார்கள். ஆனாலும் உருக்குவதை அவர் விடவில்லை, வாடிக்கை பெருகியிருந்தது. கதவைச் சாத்துகிற பழக்கமும் போகவில்லை. மகளுக்கு ஏழு வயது நெருங்கும்போது ஒரு நாள் மத்தியானம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். கண் மேலே சொருகிவிட்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு ஓடினார், முன்பொரு நாள் ஓடிய மாதிரியே. இந்த முறை அவள் எதையும் கேட்கவில்லை.

நகரத்து ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பகுதியில் சேர்த்தார்கள். அங்கே புதிதாக வந்திருந்த டொக்டர் ஒரு சிங்களப் பெண். வயது முப்பதுகூட இருக்காது. தமிழ் கொச்சையாகப் பேசுவார். மகளின் வாயைத் திறந்து, உதட்டை இழுத்துப் பிடித்து, பல்லைச் சுற்றிய முரசை வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். முரசும் பல்லும் சேருகிற இடத்தில் மெல்லிய நீலக் கறுப்புக் கோடு ஓடியது. நான் தினமும் பல் தீட்டிவிட்ட வாய்தான் அது. ஊத்தை என்று நினைத்துத் தேய்த்திருக்கிறேன்.

"அப்பா என்ன வேலை?" என்று கேட்டார்.

அத்தனை வருடத்தில், அத்தனை பேரில், அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"மீன்பிடி," என்றேன்.

"வீட்டில என்ன வேலை செய்யுது?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். ஆமிக்காரனுக்குப் பயந்து மறைத்ததை இந்தப் பெண்ணிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், அதுவும் உண்மை. பிறகு சொன்னேன். பற்றரி, தாச்சி, அடுப்பு, சாத்திய கதவு, கன்னத்துக்குள் ஒதுக்கிய குண்டு. சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று அவர் என்னைத் தனியே கூப்பிட்டு இருத்தினார். "ஈயம் புள்ளைட இரத்தத்தில நிறைய இருக்கு. எலும்பிலயும் இருக்கும். ஊசி போட்டுக் கொஞ்சம் எடுக்கலாம். வலிப்பு நிற்கும்."

"படிப்பு? எண்ணுறது? அதெல்லாம் திரும்பி வருமா?"

அவர் வார்த்தைகளைத் தேடினார். தமிழ் தெரியாததால் தேடுகிறாரா, சொல்ல முடியாமல் தேடுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. "மூளையில போனது திரும்பி வாறது இல்ல, அம்மா," என்றார். "இனிப் போகாமப் பார்க்கலாம்."

ஊசி ஏறிக்கொண்டிருந்த நாட்களில் ஒன்றில் வெளியே வெடி கொளுத்துகிற சத்தம் கேட்டது. யுத்தம் முடிந்துவிட்டதாம். வாகனங்கள் கொடி கட்டிக்கொண்டு ஹோர்ன் அடித்துப் போயின. றோட்டில் பாற்சோறு கொடுக்கிறார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். வார்டிலிருந்த தாய்மார் ஒருவரும் எழும்பவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவளின் தம்பி வன்னியில் இருந்தான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வெடிக்கும் என் மகள் உதறினாள். அவளுடைய காதுகளைப் பொத்திக்கொண்டு இருந்தேன். சுனாமியிலும் ஷெல்லடியிலும் தப்பவைத்த பிள்ளை. கடலும் ஆமியும் இயக்கமும் செய்யாததை எங்கள் அடுப்பு செய்திருந்தது.

எங்களை வீட்டுக்கு அனுப்புமுன் டொக்டர் தானே முச்சக்கர வண்டி பிடித்து எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். யன்னல் விளிம்பில் விரலை வைத்து இழுத்தார், விரல் சாம்பல் நிறமானது. "உலர்ந்த மாதிரிக் கூட்ட வேணாம். ஈரத் துணியால துடைங்க," என்றார். முற்றத்து மண்ணையும் கழிக்கச் சொன்னார். பாயையும் தலையணையையும் எறியச் சொன்னார். சாப்பிடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், பாலும் முருங்கையிலையும் நெத்தலியும் கொடுக்க வேண்டும் என்றார். கை கழுவுவது பற்றி என்னிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குப் பாட்டே சொல்லிக்கொடுத்தவள் நான்.

கணவர் அன்றே தாச்சியையும் செங்கல்லையும் வளவு மூலையில் ஒரு பெரிய குழி வெட்டிப் போட்டார். முற்றத்து மண்ணை முழங்கால் ஆழத்துக்கு வெட்டி அதே குழியில் கொட்டி, மேலே சீமெந்து பூசினார். மூன்று நாள் தனியாக வெட்டினார், யாரையும் உதவிக்கு விடவில்லை. நான் சுவரையும் நிலத்தையும் கழுவிக் கழுவித் துடைத்தேன்.   அவர் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் சொல்லவில்லை.

எங்களைப் பார்த்துப் பழகிய வேறு வீடுகளும் இருந்தன. அடுத்த வளவில் இருந்தவளுக்கு இரண்டு வயதில் ஒரு குழந்தை. கணவர் கைவிட்ட வாடிக்கை அவளுடைய புருஷனிடம் போயிருந்தது. நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்கட புள்ள சுனாமியில பயந்த புள்ளகா," என்றாள் அவள். "அதுக்கு ஏன் ஈயத்தில பழியப் போடுறீங்க?"

"டொக்டர் இரத்தம் பாத்துச் சொன்னது."

"அப்ப எங்கட அப்பாமார் எல்லாம் ஈயம் உருக்கினவங்கதானே? ஒருத்தரும் சாகல்லியே."

"அவங்க வெளியில உருக்கினாங்க. நாம கதவைச் சாத்தினம். பற்றரித் தூளையும் வீட்டுக்குள்ள கொட்டினம். குழந்தையையாவது வேற இடத்தில வச்சிருகா."

அவள் எழும்பி நின்றாள். "நீங்க செய்யக்குள்ள நல்ல தொழில். இப்ப நாங்க செய்யக்குள்ள நஞ்சா?"

 திரும்பத் தொடங்கியிருந்த பாலர் பாடசாலையில் பெற்றோரைக் கூட்டி வைத்துச் சொல்லிப் பார்த்தேன். மீன்பிடிச் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து, ஊரைப் பயப்படுத்த வேண்டாம், நிவாரணம் கொடுக்கிறவர்கள் கேள்விப்பட்டால் வேறு மாதிரி நினைப்பார்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த டொக்டரும் சில மாதங்களில் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்த வளவுக் குழந்தையை அவள் கடைசிவரை இரத்தம் பார்க்கக் கொண்டுபோகவில்லை. பையன் நான்கு வயதுவரை பேசவில்லை. இப்போது அவர்கள் வேறு ஊரில்.

யுத்தம் முடிந்து இரண்டு வருடத்தில் எனக்கு இன்னொரு மகள் பிறந்தாள். அவளை வளர்த்த வீட்டில் சுவர் துடைத்திருந்தது, முற்றத்தில் புது மண் கிடந்தது. ஆறு வயதில் அவள் அக்காவின் பழைய இரண்டாம் வகுப்புக் கணக்குக் கொப்பியை எடுத்துச் சரியான விடைகளை எழுதிக் கொடுத்தாள். மூத்தவள் சந்தோசமாகக் கொண்டுவந்து காட்டினாள். "தங்கச்சி செஞ்சு தந்தவள்." அன்று நான் கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் நின்றேன். ஒரே தாய், ஒரே தகப்பன். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்.

மூத்தவள் எட்டாம் வகுப்போடு நின்றாள். இப்போது தேற்றாத்தீவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிற வீட்டில் வேலை. மா குழைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்கிறார்கள். எண்ணி அடுக்குவதை மட்டும் வேறு யாராவது செய்கிறார்கள்.

போன வருடம் அவளுக்கு ஒரு சம்பந்தம் பேச வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய், "சுனாமிக்குப் பயந்த புள்ளையெண்டு சொன்னாங்க, அதெல்லாம் இப்ப சுகம்தானே?" என்று கேட்டாள். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். அவர்கள் போனதும் மகள் என்னிடம் வந்து இருந்தாள்.

"அம்மா, எனக்குச் சுனாமி ஞாபகமே இல்ல. ஞாபகமில்லாததுக்கு எப்பிடிப் பயப்பிடுற?"

அவளால் அப்படி ஒரு கேள்வி கேட்க முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அதுவும் என் பிழைதான். அன்றைக்குச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. பற்றரியைச் சுமந்து வந்தது யார், அடுப்பை உள்ளே கொண்டுவரச் சொன்னது யார், குண்டுகளைக் கையில் கொடுத்தது யார் என்று எல்லாம் சொன்னேன். மெதுவாக, விளங்கும்படி சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் மொக்காப் பிறக்கல்ல?"

"இல்ல மகள். நீ நல்ல கெட்டிக்காரி. நூறுவரைக்கும் எண்ணுவாய்."

அவள் சிரித்தாள். நான் எதிர்பார்க்காத சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் தன்னை மொக்கு என்று சொன்ன பிள்ளைகள் சிலரை ஒவ்வொருவராகச் சொல்லி, "அவங்களுக்கெல்லாம் தெரியாது, என்ன?" என்றாள். பிறகு அவளுடைய முகம் மாறியது. 

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?" என்று கேட்டாள்.

வெட்கம் என்று சொன்னேன். அவள் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு கிழமை என் கையால் சோறு வாங்கிச் சாப்பிடவில்லை. தானே போட்டுச் சாப்பிட்டாள். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. உண்மையைச் சொல்லியனுப்பினோம், அவர்கள் திரும்பி வரவில்லை.